காலையில் சூடேற எல்ப் லொறியின் ஸ்லோவைக் கூட்டி வைக்கலாமா?

ஒட்டுசுட்டான்_எல்ப் | வெள்ளி, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு பழைய இசுசு எல்ப் எடுத்தேன். 4ஜேபி1 எஞ்சின், 2.8 லீற்றர். கொம்பியூட்டர் ஒன்றும் இல்லை, டீசலை எஞ்சினுக்கு அடிப்பது பழைய ரோட்டரி பம்ப். முத்தையன்கட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் மரக்கறி ஏற்றித் தம்புள்ளைக்குக் கொண்டுபோவதுதான் வேலை. பின்னேரமே ஏற்றி வளவுக்குள் விட்டுவிட்டு, விடிய 3.30க்கு வெளிக்கிடுவேன்.

பிரச்சினை அந்த 3.30லதான். திறப்பைத் திருப்பினால் நீள நேரம் சுற்றித்தான் பற்றும். பற்றியதும் ஒரே வெள்ளைப் புகை, கண் எரியும். பெடலிலிருந்து காலை எடுத்து ஸ்லோவில் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) விட்டால் இரண்டு மூன்று தரம் குலுங்கி நின்றுவிடும். லொறியை விற்றவர் சொன்னது: "டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கு, அதை இழுத்து ஸ்லோவைக் கூட்டி, 15 நிமிடம் விட்டுட்டுத்தான் எடுக்க வேணும்." அப்படியே செய்துவந்தேன். போன கிழமை அந்தக் குமிழின் கேபிள் அறுந்துபோனது. இப்போது நானே 15 நிமிடம் பெடலில் காலை வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

வளவு சின்னது. லொறியின் சைலன்சர் வாய் எங்கள் விறாந்தைப் பக்கம் பார்க்கிறது. அம்மாவுக்கு முட்டு வருத்தம் இருக்கிறது. அவர் படுப்பதும் விறாந்தையில்தான். புகை வந்தால் எழுந்து பின்பக்கம் போய் இருந்துவிடுவார். ஒன்றும் சொல்வதில்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

கேள்வி இரண்டு. கேபிளைத் திரும்பப் போடுவது நல்லதா? அல்லது பம்பில் உள்ள ஸ்லோ திருகாணியையே முறுக்கி, நிமிடத்துக்கு 1100 சுற்றில் நிரந்தரமாக வைத்துவிடலாமா?


மல்லாவி_டிப்பர் | வெள்ளி, இரவு 9.05

தம்பி, திருகாணியை முறுக்குவது ஐந்து நிமிட வேலை. லொக் நட்டை இளக்கு, அரைச் சுற்று திருப்பு, நட்டை இறுக்கு, முடிந்தது. என்னுடைய டாட்டா டிப்பரில் ஸ்லோ கொஞ்சம் கூட்டித்தான் வைத்திருக்கிறேன். கிரவல் ஏற்றப் போகும்போது காலையில் காற்று ஏறாமல் வண்டியை அசைக்கவே ஏலாது. ஸ்லோ கூடினால் காற்று கெதியாக ஏறும்.


கிளிநொச்சி_கராஜ் | வெள்ளி, இரவு 10.20

எல்ப் தம்பி, திருகாணியில் கை வைக்க வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியோடு மாதத்துக்கு நாலைந்து பேர் என்னிடம் வருகிறார்கள்.

டீசல் எஞ்சினில் பிளக் பொறி இல்லை. காற்றைப் பதினெட்டு மடங்கு அளவுக்கு நெரிக்கும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. சிலிண்டர் குளிர்ந்திருந்தால் அந்தச் சூட்டை இரும்பு உறிஞ்சிவிடும். பாதி டீசல் எரியும், மீதி ஆவியாகச் சைலன்சரால் வெளியே போகும். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புகை அதுதான், எரியாத டீசல். கண் எரிவது அதனால்தான். எரியாத டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே சம்பு என்ற ஒயில் தொட்டிக்குள் இறங்கும். ஒயில் இளகிப்போகும். தினமும் இது நடந்தால் ரிங்ஸும் லைனரும் தேயும்.

ஸ்லோவைக் கூட்டினால் வண்டி நிற்காமல் ஓடும், அது உண்மை. ஆனால் சுமையில்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் சூடேறுவது மிகவும் மெதுவாகத்தான். பெற்றோல் எஞ்சினில் காற்றை மறிக்க ஒரு தட்டு இருக்கிறது. பழைய டீசலில் அது இல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் சிலிண்டர் நிறையக் குளிர்காற்று, அதற்குள் ஒரு துளி டீசல். எஞ்சின் தன்னைத் தானே விசிறிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். 15 நிமிடம் நின்ற இடத்தில் உறுமுவதைவிட, ஐந்து நிமிடம் இரண்டாம் மூன்றாம் கியரில் மெல்ல ஓடினால் சூடு கூட ஏறும். கியர் பெட்டி, டிபரன்ஷல் ஒயில் எல்லாம் கூடவே சூடேறும். நின்ற இடத்தில் அவை சூடேறாது.

இனி உங்கள் பழுதுக்கு வருகிறேன். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில்கூட வன்னியில் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. 20 பாகையில் ஒரு நல்ல 4ஜேபி1 திறப்பைத் திருப்பிய இரண்டு மூன்று விநாடிக்குள் பற்றி, 800 சுற்று அளவில் தானாக ஓட வேண்டும். உங்களுடையது அப்படி ஓடவில்லை. அதனால் குளிரை மறந்துவிட்டு வண்டிக்குள் பழுதைத் தேடுங்கள். நான் பார்க்கச் சொல்லும் ஒழுங்கு இது.

முதலில் ஹீட்டர் பிளக், ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டருக்குள் சூடேற்றுவது. நாலு இருக்கும். மேலே நாலையும் இணைத்து ஒரு தகடு போகும், அதைக் கழற்றுங்கள். உங்கள் லொறி 24 வோல்ட் என்றால் 24 வோல்ட் பல்ப் ஒன்றை வயரோடு எடுத்து, ஒரு முனையைப் பற்றரியின் பொசிட்டிவில் பிடித்து, மற்ற முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். பல்ப் எரிந்தால் உள்ளே கம்பி அறவில்லை. எரியாவிட்டால் அந்தப் பிளக் செத்துவிட்டது.

அப்புறம் டீசல் வழியில் காற்று. பில்டருக்கு மேலே கையால் அமுக்கும் பம்ப் இருக்கும். விடிய, ஸ்டார்ட் செய்யுமுன் அதை அமுக்கிப் பாருங்கள். முதல் அமுக்கே இறுக்கமாக இருந்தால் சரி. நாலைந்து தரம் தொளதொளவென்று போய்ப் பிறகு இறுகினால், இரவில் எங்கோ காற்று உள்ளே போகிறது, டீசல் தாங்கிக்குத் திரும்ப இறங்குகிறது.

மூன்றாவது தேர்மோஸ்டாட், எஞ்சின் தண்ணீர் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு. ஓடும்போது சூட்டு மீற்றரின் ஊசி எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் நொசில், வால்வு இடைவெளி, கொம்பிரஷன் என்று காசு செலவாகும் பக்கம் போக வேண்டும்.

பம்பில் இரண்டு மூன்று திருகாணி இருக்கிறது. லீவரின் ஒரு பக்கத்தில் ஸ்லோவுக்கு ஒன்று, மறுபக்கத்தில் ஆகக் கூடிய சுற்றுக்கு ஒன்று, பின்னால் டீசல் அளவுக்கு ஒன்று. கம்பி கட்டி ஈயம் வைத்திருப்பது விளையாடும் இடமில்லை. தெரியாமல் அதைத் திருப்பிவிட்டு, கறுப்புப் புகையோடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.


மல்லாவி_டிப்பர் | சனி, காலை 6.15

கராஜ் அண்ணை சொல்வது எல்ப்புக்குச் சரியாக இருக்கலாம். காற்று பிரேக் வண்டிக்கு என்ன சொல்கிறீர்கள்? காலையில் தாங்கி வெறுமை. காற்று ஏறும்வரை பின் சில்லுப் பிரேக் விடாது. ஸ்லோவில் விட்டால் பத்து நிமிடத்துக்கு மேலே ஆகும்.


கிளிநொச்சி_கராஜ் | சனி, காலை 7.00

அது வேறு கதை, அதில் நீங்கள் சொல்வதுதான் சரி. கொம்பிரஸர் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. சுற்றுக் கூடினால் காற்றுக் கூடும். காற்றுக்காக 1000, 1200 சுற்று சில நிமிடம் வைப்பதில் பிழையே இல்லை. ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் ஒயில் மேலே ஏற விட்டுவிட்டு, அப்புறம் பெடலாலோ குமிழாலோ கூட்டுங்கள். காற்று மீற்றரின் ஊசி சிவப்பைத் தாண்டி நின்றதும் இறக்கிவிடுங்கள்.

ஆனால் நிரந்தரமாக முறுக்கி வைப்பதை உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஸ்லோ கூடிய வண்டியில் முதலாம் கியரும் பின் கியரும் விழும்போது பல் கரகரக்கும். கிளட்ச் தேயும். காலை எடுத்தாலும் வண்டி தள்ளிக்கொண்டே போகும். கிரவல் சுமையோடு இறக்கத்தில் எஞ்சின் உங்களைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. ஒன்று கேட்கிறேன்: இரவு முழுக்க நிறுத்திய தாங்கியில் விடியும்போது கொஞ்சமாவது காற்று மிஞ்ச வேண்டும். முழு வெறுமை என்றால் எங்கோ கசிகிறது. சவர்க்காரத் தண்ணீர் அடித்து இணைப்புகளைப் பாருங்கள். தாங்கிக்குக் கீழே உள்ள வடிகாலைத் திறந்து தண்ணீரையும் வெளியேற்றுங்கள், மழைகாலத்தில் தினமும்.


ஸ்காபரோ_வன்னியன் | சனி, காலை 9.30

நான் தருமபுரத்தில் பிறந்தவன், இப்போது கனடாவில் 18 சில்லு ஓட்டுகிறேன். இந்த "15 நிமிடம் கூட்டி வை" என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் குளிருக்கு அது தேவையான பேச்சு.

இங்கே தை மாதத்தில் சைபருக்குக் கீழே 20, 25 பாகை போகும். ஒயில் தேன்போல் தடித்துவிடும். சாதாரண டீசலில் மெழுகு திரண்டு பில்டரை அடைக்கும், அதனால் குளிர்காலத்துக்கு வேறு டீசல். இரவில் எஞ்சினுக்குள் ஒரு ஹீட்டரைப் பூட்டி, வீட்டு மின்சாரத்தில் செருகி வைப்போம். அந்தக் குளிரில் ஸ்லோவில் நீள நேரம் விட்டால் எஞ்சின் சூடேறாததோடு, ஏறின சூடும் இறங்கிவிடும். எரியாத டீசல் வால்வுத் தண்டில் பிசினாக ஒட்டும். அதனால் நிறுத்தி வைத்து ஓடவிடத்தான் வேண்டும் என்றால் 1000 சுற்றுக்கு மேலே வை என்பார்கள். புது லொறிகளில் அதற்கென்றே சுவிட்ச் இருக்கிறது.

இவ்வளவு குளிரிலும் டொரொண்டோ நகரச் சட்டப்படி, நிற்கும் வண்டியின் எஞ்சினைப் பொதுவாக ஒரு மணித்தியாலத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது. சில விலக்குகள் உண்டு. புகை காற்றைக் கெடுக்கிறது என்பதுதான் காரணம். தம்பி அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அந்தச் சட்டம்தான் நினைவுக்கு வந்தது.

ஒட்டுசுட்டானில் 22 பாகையில் 15-40 ஒயில் அப்படித் தடிக்காமல் ஓடும். ஒயில் லைட் அணைந்து அரை நிமிடம் போனால் போதும்.


பழைய_சாரதி | சனி, பிற்பகல் 2.10

பிள்ளைகள் எழுதுவதை வாசித்துக்கொண்டு இருந்தேன். எனக்கு ஓட்டத்தை விட்டு எட்டு வருடமாகிறது. 90களில் பாண்டியன்குளம் பக்கம் டாட்டா 1210 ஓட்டினேன்.

பொருளாதாரத் தடை இருந்த காலம். வன்னிக்குள் டீசல் வருவது மருந்து வருவதுபோல. கிடைப்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய், அதுவும் விலை கொடுத்து. மண்ணெண்ணெயில் வழுக்கும் தன்மை இல்லை, தனியாக அடித்தால் பம்ப் தேய்ந்துபோகும். அதனால் கொஞ்சம் எஞ்சின் ஒயிலைக் கலந்து அடித்தோம். அப்படியும் பம்புகள் தேயத்தான் செய்தன. தேய்ந்த பம்ப் காலையில் பற்றாது. புதுப் பற்றரி எடுக்கவும் வழி இல்லை.

வன்னி தட்டையான நிலம், தள்ளி விட இறக்கம் இல்லை. வவுனிக்குளத்துக் கட்டுத்தான் எங்களுக்கு இறக்கம். இரவில் லொறியைக் கட்டின் ஏற்றத்தில், மூக்கு கீழே பார்க்க நிறுத்துவேன். சில்லுக்குக் கல் வைப்பேன். விடிய கல்லை எடுத்து, இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்தபடி உருளவிட்டு, கட்டின் அடிக்கு வர முன்பு கிளட்சை விட வேண்டும். கொஞ்சம் முந்தினால் சில்லு இழுபடும், பிந்தினால் வேகம் போய்விடும். அந்த இடம் காலுக்குத் தெரியும். அந்த டாட்டாவின் பம்புக்குக் கரண்ட் தேவையில்லை, அதனால் பற்றரி இல்லாமலே பற்றியது.

பற்றிய பிறகு நிறுத்தி உறுமவிட யாரிடம் எண்ணெய் இருந்தது? ஒயில் மீற்றர் எழும்பும்வரை பார்த்துவிட்டு அப்படியே மூன்றாம் கியரில் மெல்லப் போவோம். மல்லாவி வருமுன்பே புகை தெளிந்துவிடும். அந்த எஞ்சினைப் பதினொரு வருடம் வைத்திருந்தேன், ஒரு தரம்தான் பிரித்துக் கட்டினேன்.

தம்பி, உன் குமிழை மட்டும் கழற்றி எறிந்துவிடாதே. பழுது பார்க்கிற நேரத்தில் சுற்றைக் கூட்டிப் பிடித்துவைக்க அது இன்னொரு கை மாதிரி.


மீன்லொறி_முல்லை | சனி, இரவு 7.45

நான் கன்டர் 4டி33, 4.2 லீற்றர் வைத்திருக்கிறேன். முல்லைத்தீவில் மீன் எடுத்துக் கொழும்புக்கு. 2022ல் டீசல் 460 ரூபாய்க்குப் போய், எரிபொருள் பாஸில் கியூஆர் காட்டி அளந்து வாங்கிய நாட்களில், எவ்வளவு வீணாகிறது என்று ஒருக்கா அளந்து பார்த்தேன். அதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

தண்ணீர்ப் போத்தலில் ஒரு லீற்றருக்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்து, கண்ணாடிக் கம்பியில் தொங்கவிட்டேன். பம்புக்குப் போகும் குழாயையும், திரும்பி வரும் குழாயையும் இரண்டையுமே போத்தலுக்குள் விட வேண்டும். திரும்பும் குழாயை மறந்தால் கணக்குப் பிழைக்கும். போத்தல் வெறுமையாகும்வரை விடவும் கூடாது, காற்று பிடித்துவிடும். எஞ்சின் சூடான பிறகு ஸ்லோவில் ஒரு லீற்றர் ஒரு மணி இருபது நிமிடம் போனது. குமிழை இழுத்து 1200 அளவில் வைத்தபோது நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அப்படியென்றால் தினமும் 15 நிமிடம் கூட்டி வைத்தால் மாதத்துக்குப் பதினொரு லீற்றர் அளவு. அன்றைய விலையில் 5000 ரூபாய் அளவு, ஒரு அடி நகராமல். தம்பியின் எஞ்சின் சின்னது, கொஞ்சம் குறையும்.

கூலர் பெட்டி பூட்டியவர்களுக்கு இது பொருந்தாது. கூலர் கொம்பிரஸர் எஞ்சினில் ஓடுகிறது என்றால் நிற்கும்போது ஸ்லோவைக் கூட்டித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் மீன் போய்விடும். தண்ணீர் பவுசரில் பம்ப் ஓட்டுகிறவர்களுக்கும் அப்படித்தான்.

இன்னொன்று. குமிழால் நான் பட்டது. அதை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். ஒரு நாள் விடிய, முதல் நாள் இழுத்த குமிழை உள்ளே தள்ள மறந்துவிட்டேன். வண்டியும் கியரில் நின்றது. எங்கள் உதவியாள் பெடியன் வெளியே நின்றபடி, கதவுக்குள்ளால் கையை விட்டுத் திறப்பைத் திருப்பினான். எனக்கு உதவி செய்கிறதாக நினைத்துத்தான் செய்தான். உடனே பற்றியது. குமிழ் இழுபட்டிருந்தபடியால் நிற்காமல் பாய்ந்து, ஐஸ் பெட்டிகளை இடித்துத் தென்னையில் மோதித்தான் நின்றது. அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் அவன் முன் பம்பரடியில் குந்தியிருந்து கண்ணாடிக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தான். இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. குமிழ் வைத்திருக்கிறவர்கள் வண்டியை நிறுத்தும்போது அதை உள்ளே தள்ளி, கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்குங்கள். திறப்பை இருக்கையில் இருந்தபடி மட்டும் திருப்புங்கள்.


ஒட்டுசுட்டான்_எல்ப் | ஞாயிறு, மாலை 5.30

எல்லோருக்கும் மிகவும் நன்றி. இன்று ஓட்டம் இல்லை, காலையிலிருந்து லொறியடியிலேயே இருந்தேன்.

கை பம்ப் முதல் அமுக்கே இறுக்கம். காற்று இல்லை.

ஹீட்டர் பிளக்கை பல்ப் வைத்துப் பார்த்தேன். முதலாவது எரிந்தது. இரண்டாவது இல்லை. மூன்றாவது இல்லை. நாலாவதும் இல்லை. நம்பாமல் தலையை மணல் தாளால் தேய்த்துவிட்டுத் திரும்பப் பிடித்தேன், இல்லை. கழற்றிப் பார்த்தால் ஒன்றின் நுனி கரிக்கட்டிபோல் உப்பி வெடித்திருந்தது.

கராஜ் அண்ணை கேட்ட ஊசி: எடுத்த நாளிலிருந்து அது கால்வாசிக்கு மேலே ஏறியதே இல்லை. தம்புள்ளை வரை சுமையோடு போனாலும் அப்படித்தான். நல்ல எஞ்சின், சூடாகாது என்று சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன். இன்று தேர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒன்றும் இல்லை. இருக்கை மட்டும் துருப்பிடித்துப்போய் வெள்ளையாக ஒரு படலத்தோடு இருந்தது. அந்தப் படலத்தை நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்புபோல் உதிர்ந்தது.

விற்றவரிடம் கேட்டேன். "வெயில் நாட்டுக்கு அது தேவையில்லை, நாங்கள்தான் கழற்றினோம்" என்றார். இது சரியா?


கிளிநொச்சி_கராஜ் | ஞாயிறு, இரவு 8.00

சரியில்லை தம்பி. எங்கள் பகுதியில் பத்துப் பழைய லொறியை எடுத்தால் பாதியில் தேர்மோஸ்டாட் இருக்காது. ஏன் அப்படி ஆனது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் தொழில் பழகிய காலத்தில் நானும் கழற்றியிருக்கிறேன்.

நீங்கள் சுரண்டிய அந்த வெள்ளைப் படலம்தான் மூல காரணம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர். கேத்தலின் அடியில் படிவதுபோல ரேடியேட்டருக்குள்ளும் படியும். நாலைந்து வருடம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபட்டு வண்டி கொதிக்கும். ரேடியேட்டர் கழுவ நேரமில்லை, காசில்லை. தேர்மோஸ்டாட்டைக் கழற்றினால் தண்ணீர் எப்போதும் ஓடும், கொதிப்பு கொஞ்சம் குறையும். அப்போதைக்கு அது ஒரு வழி. காலம் போக, "வெயில் நாட்டுக்குத் தேவையில்லை" என்ற பேச்சாக நிலைத்துவிட்டது.

தேர்மோஸ்டாட்டின் வேலை எஞ்சினைக் கெதியாக 80 பாகைக்கு மேலே கொண்டுபோய் அங்கேயே வைத்திருப்பது. 82 பாகை அளவில் திறக்கத் தொடங்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிடும். அது இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டர் தண்ணீரைக் குளிர்விக்கிறது. பகலில் வெளியே 35 பாகை வெயில் அடித்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். உங்கள் லொறி எடுத்த நாளிலிருந்து ஒரு நாளும் முழுச் சூட்டில் ஓடவில்லை. நீங்கள் 15 நிமிடமில்லை, ஒரு மணி நேரம் உறுமவிட்டிருந்தாலும் ஏறியிருக்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பல எஞ்சின்களில் தேர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு குறுக்கு வழியை மூடும். தேர்மோஸ்டாட் இல்லாவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். காலையில் சூடேறாத அதே வண்டி, பகலில் சுமையோடு ஏற்றத்தில் கொதிக்கும்.

செய்ய வேண்டியது: நாலு ஹீட்டர் பிளக்கும் ஒரே தரத்தில் புதிதாகப் போடுங்கள். செத்த மூன்றை மட்டும் மாற்றினால் பழையது அடுத்துச் சாகும். 24 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். மாறிப் பூட்டினால் ஒன்றில் உடனே எரிந்துபோகும், இல்லாவிட்டால் சிவக்காது. தேர்மோஸ்டாட் வாங்கியதும் பூட்டுமுன் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். தண்ணீர் கொதிக்க வருமுன்பே திறந்துவிட வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவுவித்த பிறகே பூட்டுங்கள், இது முக்கியம். அடைபட்ட ரேடியேட்டரோடு தேர்மோஸ்டாட் போட்டால் கொதித்து ஹெட் கஸ்கட் போய்விடும். அப்புறம் கூலண்ட் ஊற்றுங்கள், கலக்கும் தண்ணீர் மழைத் தண்ணீராகவோ பற்றரிக்கு ஊற்றும் தண்ணீராகவோ இருக்கட்டும்.

எஞ்சின் ஒயிலையும் மாற்றுங்கள். டிப்ஸ்டிக்கை மணந்து பாருங்கள், டீசல் மணக்கும் என்று நினைக்கிறேன்.

குமிழுக்குக் கேபிள் போடலாம், பழைய_சாரதி ஐயா சொன்னதுபோல அது இருக்கட்டும். உள்ளே தள்ளியிருக்கும்போது கேபிளில் இரண்டு மில்லிமீற்றர் அளவு தொய்வு இருக்க வேண்டும். பம்ப் லீவர் போய் ஸ்லோ திருகாணியில் முட்டி நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.


விசுவமடு_மரக்கறி | திங்கள், காலை 5.50

ஒரு சின்னக் கேள்வி. நான் மாதத்தில் இரண்டு தரம் நுவரெலியாவுக்குக் கரட், லீக்ஸ் ஏற்றப் போகிறேன். தை மாதத்தில் அங்கே விடிய ஒன்பது பத்துப் பாகை, சில நாள் புல்லில் உறைபனி. அங்கேயும் கூட்டி வைக்க வேண்டாமா?


கிளிநொச்சி_கராஜ் | திங்கள், காலை 7.10

அங்கே வையுங்கள். ஹீட்டரை இரண்டு தரம் போட்டு எடுத்து ஸ்டார்ட் செய்து, 1000 சுற்றில் இரண்டு மூன்று நிமிடம். வெளிக்கிடுமுன் குமிழை முழுவதும் உள்ளே தள்ள வேண்டும். அங்கிருந்து நீங்கள் சுமையோடு இறக்கத்தில் வருகிறவர், ஸ்லோ கூடியிருந்தால் பிரேக்குக்குத்தான் அடி. குமிழ் இழுபட்டிருந்தால் சில வண்டிகளில் எக்ஸோஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது, பெடலில் கால் இருக்கிறது என்று அது நினைக்கும்.


ஸ்காபரோ_வன்னியன் | திங்கள், காலை 8.25

எல்ப் தம்பி, பூட்டி முடித்ததும் ஊசி எங்கே நிற்கிறது என்று மறக்காமல் எழுது. பாத்துக்கொண்டிருக்கிறேன்.


ஒட்டுசுட்டான்_எல்ப் | அடுத்த ஞாயிறு, இரவு 7.20

பிந்தியதற்கு மன்னிக்கவும். ரேடியேட்டர் கழுவ வவுனியாவில் கொடுத்து எடுக்க இரண்டு நாளாகிவிட்டது. கழுவியவர் உள்ளே இருந்து வந்ததைப் பேப்பரில் கொட்டிக் காட்டினார். ஒரு கைப்பிடி சுண்ணாம்பும் துருவும்.

தேர்மோஸ்டாட்டைச் சட்டியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். தண்ணீரில் சின்னக் குமிழிகள் எழும்போது மெல்ல வாய் திறந்தது. தங்கை அடுப்படியில் நின்று பார்த்தாள். டிப்ஸ்டிக் அண்ணை சொன்னதுபோலவே டீசல் மணந்தது, அளவும் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. ஒயிலும் பில்டரும் மாற்றினேன்.

வியாழன் விடிய 3.30. ஹீட்டர் லைட் அணையும்வரை பொறுத்துத் திருப்பினேன். ஒரே பற்று. கொஞ்சம் புகை வந்து, நான் இறங்கிப் படங்குக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு வருவதற்குள் தெளிந்துவிட்டது. பெடலிலிருந்து காலை எடுத்தேன், அணையாமல் ஓடியது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இரண்டாம் கியரில் மெல்ல எடுத்தேன். கரிப்பட்டமுறிப்புத் தாண்டும்போது ஊசி பாதிக்கு வந்துவிட்டது. மாங்குளம் சந்தியில் ஏ9க்கு ஏறியபோதும் பாதிதான், தம்புள்ளையில் நிறுத்தும்வரை அதிலேயே நின்றது. எஞ்சின் சத்தமே மாறிவிட்டது, அந்தக் கடகடப்பு இல்லை.

கேபிளும் போட்டாயிற்று. தொய்வு வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு தரமும் இழுக்கவில்லை. லொறியையும் திருப்பி நிறுத்துகிறேன், சைலன்சர் வாய் இப்போது வேலிப் பக்கம்.

ஒரு கேள்வி மிச்சம். பம்பின் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து இரண்டு மெல்லிய ரப்பர் குழாய் போகிறது. ஒன்றை யாரோ மடித்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது என்ன?


கிளிநொச்சி_கராஜ் | அடுத்த ஞாயிறு, இரவு 8.05

நல்லது தம்பி, மிகவும் சந்தோசம்.

அந்தப் பெட்டிக்குள் மெழுகு இருக்கிறது. எஞ்சின் தண்ணீர் அந்தக் குழாயால் அதைச் சுற்றி ஓடும். குளிரில் மெழுகு சுருங்கி லீவரைக் கொஞ்சம் இழுத்து, ஸ்லோவைத் தானாகவே கூட்டும். டீசல் பாயும் நேரத்தையும் கொஞ்சம் முந்தவைக்கும். சூடேறியதும் மெழுகு விரிந்து விட்டுவிடும். நீங்கள் குமிழால் செய்ய நினைத்த வேலையைச் செய்ய அந்த லொறியில் தொடக்கத்திலேயே ஆள் வைத்திருக்கிறார்கள். குழாயைக் கட்டியதால் அதற்குச் சூடு போகவில்லை. ஒழுகியிருக்கும், அதனால் கட்டியிருப்பார்கள். இரண்டையும் புதிதாகப் போட்டு, காற்றுப் பிடிக்காமல் தண்ணீர் நிரப்புங்கள். சூடான பிறகு ஸ்லோ 800க்கு இறங்குகிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் கூடுதலாக நின்றால், அப்போது மட்டும் அந்தத் திருகாணியைத் தொடலாம். வண்டியைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.


ஒட்டுசுட்டான்_எல்ப் | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

சரி அண்ணை, புதன் ஓட்டம் இல்லை, கிளிநொச்சிக்கு வருகிறேன். குழாய் இரண்டையும் வாங்கிக்கொண்டே வருகிறேன்.

வெள்ளி விடிய நான் போன பிறகு, ஐந்து மணிக்கு அம்மா எழுந்து தங்கையிடம் "அண்ணன் இன்னும் எழும்பவில்லையா, லொறிச் சத்தம் கேட்கவில்லையே" என்று கேட்டாராம்.